சீட்டித் துணியும் பளையகாட்டுக் கைலியும்

ஊர்கள் தம் பெயரைத் துணிக்குக் கொடுத்திருக்கும் விந்தையை அரபு மொழியும் வரலாறும் பயில்வோர் அடிக்கடி காண்பர். இராக்கின் மௌஸில் நகரம் 'மஸ்லின்' என்னும் மெல்லிய துணியில் வாழ்கிறது. அரபு மக்கள் திமிஷ்கு என்றழைக்கும் டமாஸ்கஸ், 'டமாஸ்க்' என்னும் பூவேலைத் துணியில் வாழ்கிறது. மேல்நாட்டார் வரவேற்பறையில் இட்டிருக்கும் 'சோஃபா', 'ஸுஃப்ஃபா' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி, வீடற்ற ஏழைத் தோழர்கள் தங்கியிருந்த நிழற்றிண்ணைக்கும் அதுவே பெயர். அன்று ஏழைக்குத் திண்ணையாக இருந்தது இன்று தவணை முறையில் வீட்டுக்கு வருகிறது! அவர்கள் படுக்கும் 'மெட்ரஸ்' என்பதும் 'மத்ரஹ்', அதாவது எறிந்து விரிக்கும் இடம் என்னும் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்ததே.

இந்தப் பெயர் வரிசையில் நம் நாட்டு ஊர்களும் உண்டு. கோழிக்கோடு 'காலிகோ' ஆயிற்று. சென்னை 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே கட்டத் துணியைக் குறித்தது. சென்னைக்கு வடக்கே, எண்ணூரையும் கடந்து, உப்பேரியின் வாயிலில் இருக்கும் பழவேற்காடு, கைலிக்குப் பெயர் தந்தது. கடைக்காரர்கள் 'பளையகாட்' என்று கூறும் கைலி அதுதான். மலாய் மக்கள் இன்றும் இல்லத்திலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம் போட்ட சாரத்தைக் 'கைன் பெலிகாட்' என்றே வழங்குவர். 'கைன்' என்றால் துணி. 'பெலிகாட்' நம் பழவேற்காடு.

கைலி உடைதானே, அதற்கும் இல்ல அலங்காரத்திற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். இராயபுரத்தில் 1980-ஆம் ஆண்டளவில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டைப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் திரைச்சீலை என்று விலைகொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. என் தந்தையார் உடுத்து நிறம் மங்கிய கைலியின் மூட்டைப் பிரித்தால் ஏறத்தாழ இரண்டு கஜத் துணி கிடைக்கும். அது முதலில் பாயின்மேல் விரிப்பாகும். நடு நைந்தபின் இரு ஓரங்களையும் ஒட்டித் தைத்து அறைவாசலில் தொங்கவிடுவார்கள். அங்கும் கிழிந்தால் தலையணை உறை. அதன்பின் அடுப்படியில் கரித்துணி. துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழ்ந்த வடசென்னையின் இல்ல அலங்காரம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆயினும் அதே கரையிலிருந்து கப்பலேறிய துணி, உலகில் எத்தனை பேருடைய கட்டிலையும் சுவரையும் அணிசெய்தது என்பதை அறிந்தபோது, அந்தக் கரித்துணியை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை 1613-ஆம் ஆண்டில் எழுப்பினார்கள். அவர்கள் நாடி வந்தது துணியைத்தான். ஆனால், ஐரோப்பாவில் விற்பதற்காக மட்டும் வாங்கவில்லை. மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வைத்திருந்தவர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரைத் துணியையே பெரிதும் விரும்பினார்கள். இக்கரையை மொலுக்காஸின் இடக்கை என்று 1612-லேயே ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி மதிப்பிட்டிருக்கிறார். அத்தீவுகளுக்குச் சென்ற துணிகளுள் பல உடுக்கப்படவே இல்லை. சுலவேசியின் தொராஜா மலைமக்கள் இந்தியத் துணிகளைக் குலதனமாகப் பேணி, சடங்கு நாள்களில் மட்டும் வெளியே எடுத்துத் தொங்கவிட்டார்கள்.

அக்காலத் துணிகளை இருவகையாகக் கொள்ளலாம். நூலிலேயே சாயமேற்றித் தறியில் கட்டமாக நெய்வது ஒன்று. வெண்டுணியின்மேல் எழுதுகோலால் வரைந்து சாயமேற்றுவது மற்றொன்று. பின்னதைத் தமிழர் 'சீட்டி' என்றனர். ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்றனர். வரையும் கோலைக் கொண்டு 'கலம்காரி' என்ற பெயரும் வழங்கிற்று. 'கலம்' என்பது நாம் மத்ரஸாவில் கையில் பிடித்த அதே எழுதுகோல்தான். கட்டிலுக்கென்றே எழுதப்பட்ட பெரிய சீட்டிக்குப் 'பலங்க்போஷ்' என்று பெயர். 'பலங்க்' கட்டில், 'போஷ்' மூடுவது. இதையே ஆங்கிலேயர் 'பாலம்போர்' என்று திரித்தனர். நடுவில் ஒரு குன்று, குன்றின்மேல் வளைந்தோங்கும் ஒரு மரம், ஒரே மரத்தில் நூறுவகைப் பூ, சுற்றிலும் கொடிக்கரை. இதுவே அதன் பொதுவான அமைப்பு.

சீட்டியின் அழகைப் பலர் புகழ்ந்திருக்கின்றனர். அதன் பாட்டையும் சிறிது கூறவேண்டும். நெய்த துணியை முதலில் வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றும். பாலின் கொழுப்பு வரைந்த கோடு பரவாமல் காக்கும். கரும்புள்ளிக் கோடுகளுக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர். படிகார நீருக்கு நிறமில்லை. எழுதுபவன் ஏறத்தாழ ஒன்றும் தெரியாத வெண்மையின்மேல் நினைவைக்கொண்டு எழுதுகிறான். பின்னர்ச் சாயவேரைக் கொதிக்கவைத்து அதில் துணியை அமிழ்த்தினால், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும். மற்ற இடங்களில் ஒட்டிய மங்கல் நிறம் சாணநீரிலும் வெயிலிலும் மீண்டும் மீண்டும் அலசப்பட்டு நீங்கும். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் இறக்குவர். மெழுகை உருக்கி நீக்கியபின் நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. பழைய பாலம்போர்களில் இலைகள் இன்று நீலமாகத் தெரிவதற்குக் காரணம், மேலே தீட்டிய மஞ்சள் காலத்தில் கரைந்துவிட்டதுதான். சாயவேர் கடற்கரை மணலில் வளரும் சிறுசெடியின் வேர். மணலும் வெயிலும் நல்ல நீரும் ஒருங்கே வாய்த்த கரை இதற்கு வேண்டும். அது நமக்கு வாய்த்திருந்தது.

ஆங்கிலேயர் 1639-40-இல் சென்னையில் ஊன்றியபின், அவர்களுக்கு வேண்டிய துணிக்காகவே பேட்டைகள் எழுந்தன. கும்பினியின் துணியை வெளுத்தவர்களின் குடியிருப்பு வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூரை ஒட்டி, 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளருக்கென அமைத்தது காலெட் பேட்டை. நம் மக்கள் அதனைக் 'காலடிப்பேட்டை' ஆக்கி, பெருமாளின் திருவடியோடு சேர்த்துக் கதையும் கட்டிக்கொண்டனர். 1734-இல் எழுந்த சின்னத்தறிப்பேட்டை சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. வெளுத்து மடித்துப் பொதியாகக் கட்டிய துணியை, துறைமுகமே இல்லாத அக்காலக் கடற்கரையில், கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, அலைகளைத் தாண்டி, தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குக் கொண்டுசேர்த்தனர். அலை கவிழ்த்த பொதிகளும் உண்டு.

இலண்டன் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் 1663-இல் தம் மனைவியின் படிப்பறைச் சுவருக்கு உட்போர்வையாக இந்தியச் சீட்டி வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவரைப் போன்றோர் பெருகப் பெருக, அந்நாட்டுக் கம்பள நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தெழுந்தனர். 1700-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாதென்று 1721-இல் மற்றொன்று. பின்னதன் தலைப்பிலேயே, உடைக்கு மட்டுமன்றி வீட்டுப் பொருள்களுக்கும் இருக்கைகளுக்கும் சாயத் துணியைப் பயன்படுத்தலாகாது என்று எழுதினார்கள். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் கட்டில் திரைக்கு அஞ்சிச் சட்டம் இயற்றியது என்றால், அக்கட்டில் திரையின் வலிமையை என்னென்பது!

அத்தடையில் அகப்பட்டவர்களுள் புகழ்பெற்ற நாடக நடிகர் டேவிட் காரிக் ஒருவர். கல்கத்தா வணிகர்கள் அன்பளிப்பாக அனுப்பிய சோழமண்டலக் கரைச் சீட்டியை அவர் மனைவியார் கட்டிலுக்குத் திரையாக்க எண்ணினார். சுங்க அதிகாரிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள். இது 1775-ஆம் ஆண்டளவில் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே உள்நாட்டில் நெய்து அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடை நீங்கிவிட்டது. நம் துணிக்கு நீங்கவில்லை. காரிக் மன்றாடி மீட்ட அத்திரையின் பகுதி, அவருடைய கட்டிலோடு இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெருமை பேசும்போது ஒன்றை மறைப்பது நேர்மையன்று. இதே கட்டத் துணியும் நீலத் துணியும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கும் நாணயமாகவும் செலவாயின. பழவேற்காட்டிலிருந்தே 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் டச்சுக்காரர் நம்மவரை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றினர். தறியில் இருந்தவனுக்கு அத்துணி எதற்கு ஈடாகும் என்று தெரிய வழியில்லை. ஆனால், வாசிக்கும் நமக்குத் தெரியும்.

சீட்டியின் அழிவுக்கு மான்செஸ்டர் ஆலைகளை மட்டும் காரணமாகக் கூறுவது வழக்கம். அது பாதி உண்மை. 1868-இல் ஜெர்மானிய வேதியியலார் இருவர் சிவப்புச் சாயத்தின் சாரத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினர். மணலில் வேரைத் தோண்டி எடுத்த குடும்பங்களின் பிழைப்பு அதன்பின் சில பத்தாண்டுகளில் ஒழிந்தது. 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. கடந்த 20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது எழுதும் துணி ஏறத்தாழ ஓய்ந்து, நெய்யும் கட்டத் துணி மட்டும் எஞ்சியிருந்தது. அந்நூற்றாண்டில் அத்துணிக்கு நேர்ந்தவற்றுள் இரண்டை விரித்துரைக்க விரும்புகிறேன். ஒன்று ஸ்காட்லாந்தில் நடந்தது, மற்றொன்று நைஜீரியாவில்.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் இர்வின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டார்வல், நியூமில்ன்ஸ் என்று இரு சிற்றூர்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இயந்திரத் தறிகளில் ஒரு சன்னல் திரை நெய்யப்பட்டு வருகிறது. கொசுவலை போன்ற மெல்லிய தளத்தில் பூவுக்கென மிகுதியான ஊடை நூலை ஓட்டி, நெய்து முடித்தபின் பூவுக்கும் பூவுக்கும் இடையே மிதக்கும் நூலைச் சிரைத்தெடுப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே தொங்கவிட்டால் பூக்கள் மட்டும் நிழலாக நிற்கும். அலெக்சாண்டர் மார்ட்டன் போன்றோர் இத்தொழிலை அங்கே வளர்த்தனர். வாய்ஸி போன்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர்கள் அவர் நிறுவனத்துக்கு வரைந்தளித்தனர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் நடுத்தரக் குடும்பத்துச் சன்னல்களில் இத்திரை சாதாரணமாகக் காணக்கூடியது. 1900-இல் நியூமில்ன்ஸில் தொடங்கிய ஓர் ஆலை இன்னும் இதனை நெய்கிறது. இதன் பெயர் 'மெட்ராஸ்'! நூல் நம்முடையதன்று, தறி நம்முடையதன்று, கை நம்முடையதன்று. பெயர் மட்டும் நம்முடையது. மௌஸில் மக்களும் இப்படித்தான் உணர்ந்திருப்பார்கள் போலும்.

நைஜீரியாவின் கதை இதற்கு நேர்மாறானது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில், நம் எண்ணூர்க் கழியையும் பழவேற்காட்டையும் ஒத்த உப்பங்கழிகளுக்கிடையே, அலையாத்திக் காடு சூழ்ந்த தீவுகளில் வாழும் மீனவரும் வணிகருமான மக்கள் கலபாரி எனப்படுவர். அவர்களுடைய பேரூர் புகுமா. நம் கட்டத் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்பர். வணிக ஏடுகளில் அது 'அசல் மெட்ராஸ் கைக்குட்டை' என்று குறிக்கப்பட்டது. பெயர் கைக்குட்டைதான், ஆனால் எட்டுக் கஜப் பாவில் ஒரு கஜச் சதுரங்களாக நெய்து வெட்டாமலே அனுப்பப்படுவது. சென்னையைச் சுற்றிய ஊர்களிலும், அந்நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சீராலா பகுதியிலும் இதை நெய்து, கடந்த நூற்றாண்டு முழுதும் அனுப்பினார்கள்.

கலபாரிப் பெண்கள் அத்துணியில் சில நூல்களை ஊசியால் தூக்கிக் கூரிய அலகால் அறுத்து உருவிவிடுவர். நம் நெசவாளி இட்ட கட்டம் மறைந்து அவர்களுடைய சொந்த வடிவம் தோன்றும். இதற்குப் 'பெலெட்டெ பிட்டெ', அறுத்த நூல் துணி, என்று பெயர். ஸ்காட்லாந்தில் பெயரை எடுத்துக்கொண்டு துணியை விட்டுவிட்டார்கள். இங்கே துணியை எடுத்துத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். அசல் இஞ்சிரியா போலியா என்பதை அதன் மணத்தைக்கொண்டே தேர்வார்களாம். நம் கஞ்சியும் சாயமும் கலந்த வாடை, ஏறத்தாழ ஐயாயிரம் மைலுக்கப்பால் நற்சான்றாக நின்றது!

அம்மக்களின் குடும்பங்களில் துணிகள் பெட்டகத்தில் பேணப்படுகின்றன. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு அவை வழிவழியாக வரும். முதியவர் ஒருவர் இறந்தால் பெட்டகம் திறக்கப்படும். அதில் தேர்ந்த பெண்டிர் அறையின் சுவர்களைத் துணியால் மூடி, கட்டிலை மடிப்பு மடிப்பாக இஞ்சிரியாலும் பிற இந்தியத் துணிகளாலும் அலங்கரிப்பார்கள். எந்தக் குடும்பத்தின் பெட்டகத்தில் எத்தகைய பழந்துணி உண்டு என்பதை ஊர் வந்து பார்க்கும். ஜோன் ஐகர், டோன்யே எரெகோசிமா என்னும் ஆய்வாளர் இருவர் 1980-களில் புகுமாவில் இவற்றைக் கண்டு எழுதினார்கள். நம் வழக்கில் மய்யித்துக்கு ஆணாயின் மூன்று, பெண்ணாயின் ஐந்து வெண்டுணிகள், அதோடு முடிந்தது. அவர்கள் வழக்கு வேறு. எனினும், நம் ஊர்ப்புறத் தறியில் பெயரறியாத ஒருவர் நெய்த கட்டத்தின்மேல், அவ்வளவு மரியாதையோடு ஒரு முதுமகளைக் கிடத்தி ஊரார் அழுகிறார்கள் என்பதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் நடந்ததைச் சுருங்கக் கூறலாம். 1960-களில் நம் கட்டத் துணி அங்கே சாயம்விட்டது. ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. விளம்பரக்காரர்கள் அக்குறையையே சிறப்பென்று கூறி, 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயரிட்டு விற்றுத் தீர்த்தனர். அச்சிட்ட இந்தியப் படுக்கை விரிப்புகள் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் கல்லூரி மாணவர் அறைகளில் விரிப்பாகவும் சுவர்த்திரையாகவும் திகழ்ந்தன. வந்த வேகத்தில் அந்த மோகம் போயிற்று.

இங்கே நம்மிடம் என்ன மிஞ்சியது? அலகாபாத்திலும் அகமதாபாத்திலும் தேடுவதற்கு முன் நம் வீட்டைத் தேடலாமே என்று எண்ணி, பழவேற்காட்டிலும் இராயபுரத்திலும் தெரிந்த முதிய குடும்பங்களில் விசாரித்துப் பார்த்தேன். பழைய சீட்டி ஒருவரிடமும் இல்லை. பாலம்போர்களைக் காண விரும்புவோர் இலண்டனுக்கும் டொரன்டோவுக்கும், நம் நாட்டளவில் அகமதாபாத்தின் காலிகோ அருங்காட்சியகத்துக்கும் செல்லவேண்டும். இதற்காக நம் முன்னோரைக் குறைகூறும் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. நெய்தவன் வீட்டில் துணி தங்காது. அது முன்பணம் தந்தவனுடையது. வெளுத்தவன் கையில் அது ஒரு வாரம் இருந்தது. சுமந்தவன் தோளில் ஒரு நாழிகை. கலபாரி மக்கள் விலைகொடுத்து வாங்கினார்கள், ஆகவே பேணினார்கள். நம்மவருக்குக் கூலி கிடைத்தது, துணி கிடைக்கவில்லை. கிடைத்த கைலியைக் கரித்துணி ஆகும்வரை பயன்படுத்தினார்கள்.

கட்டிலும் திரையும் இல்லாத வீட்டிலும் நம்மிடையே ஒரு கலை தழைத்தது என்பதையும் இங்கே குறிக்கலாம். பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரையைப் பட்டுப்போல் கிழித்து நெய்யும் பாய், ஒரு கைக்குள் சுருண்டுவிடும் மென்மை உடையது. அது இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது; பவானி ஜமக்காளமும் பெற்றிருக்கிறது. நம் வடகரைக்கு அப்படி எதுவும் இல்லை. காலடிப்பேட்டை இப்போது மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. அந்நிலையம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதில் ஏறி இறங்குவோருள் அப்பேட்டை தறிகளுக்காக அமைந்தது என்று அறிந்தவர் சிலரே. எண்ணூரில் 2001 முதல் பெருந்துறைமுகம் இயங்குகிறது.

சென்ற ஆண்டு ரமலானுக்கு முன், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் வீட்டுக்குத் திரைத்துணி வாங்கச் சென்றேன். கடைப்பையன் சூரத்திலிருந்தும் பானிப்பட்டிலிருந்தும் வந்த செயற்கை இழைத் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டான். வேடிக்கையாகச் "சீட்டித் துணி இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன்.

"சீட்டியா? விசிலுங்களா ஹஜ்ரத்?" என்று சிரித்தான்.

கல்லாவில் அமர்ந்திருந்த முதியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "எங்க நன்னிமா சொல்லுவாங்க ஹஜ்ரத். பூப்போட்ட எதுவானாலும் அவங்களுக்குச் சீட்டிதான்" என்றார்.

பையன் இதற்குள் இன்னொரு சுருளை விரித்திருந்தான். சாம்பல் நிறப் பாலியெஸ்டர். அதில் ஒரு குன்று, குன்றின்மேல் வளைந்தோங்கும் ஒரு மரம், ஒரே மரத்தில் பலவகைப் பூ. "இது புது டிசைன் ஹஜ்ரத், வெளிநாட்டு மாடல்" என்றான். இரண்டு சன்னலுக்கு அளந்து கிழித்துத் தரச் சொன்னேன்.